மஞ்சள் திரும்பி வந்த நாள்

பதவி உயர்வு விண்ணப்பத்தில் ஒரு பக்கம் முழுக்க எண்கள்தான். மொத்தக் கட்டுரைகள் எத்தனை, மற்ற ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளில் அவற்றைக் காட்டிய மேற்கோள்கள் எத்தனை, அந்த மேற்கோள்களை வைத்துக் கணக்கிடும் எச்-இன்டெக்ஸ் என்ன, உங்கள் சிறந்த ஐந்து கட்டுரைகள் எவை. போன மாதம் அந்தப் பக்கத்தை நிரப்ப உட்கார்ந்தபோது கூகுள் ஸ்காலரில் என் பெயருக்கான பக்கத்தைத் திறந்தேன். அது கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கையின் இறங்குவரிசையில்தான் காட்டும். ஆண்டு என்பதைச் சொடுக்கினால் காலவரிசைக்கு மாறும். நான் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

முதலாவதான மேற்கோள் வரிசையில் தெரிகிற ஆய்வாளர், சர்க்கரை நோய்க்கு எதிராக வலுவான சேர்மங்களைக் கண்டுபிடித்தவர். இரண்டாவதான காலவரிசையில் தெரிகிறவர் அப்படியொன்றைச் சொன்னார், சில ஆண்டுகள் கழித்துத் தானே சோதித்துப் பார்த்தார், அது நிற்கவில்லை என்று கண்டு வழியை மாற்றிக்கொண்டார். இரண்டும் ஒரே கட்டுரைகள், ஒரே ஆள். விண்ணப்பம் கேட்பது முதல் ஆளை. நான் இரண்டாவது ஆள். அந்தக் கதையை ஒருமுறை முழுதாக எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

பட்டியலின் உச்சியில் இருக்கும் கட்டுரை, தயசோல் வளையத்தோடு ஹைட்ரசோன் இணைந்த ஒரு தொகுதிச் சேர்மங்களைப் பற்றியது. அவை ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் என்ற நொதியைத் தடுக்கின்றன என்பது அதன் செய்தி. நாம் சாப்பிடும் மாவுப்பொருள் குடலில் சிறு சர்க்கரைத் துண்டுகளாக உடைந்தபின், கடைசி வெட்டை வெட்டி அதைக் குளுக்கோஸாக்குவது சிறுகுடல் சுவரில் இருக்கும் இந்த வகை நொதிகள். அவற்றைக் கொஞ்சம் மந்தப்படுத்தினால் சாப்பாட்டுக்குப் பிறகு இரத்தச் சர்க்கரை சட்டென்று ஏறாது. 1990-களில் சந்தைக்கு வந்த அகார்போஸ், வோக்லிபோஸ், மிக்லிடால் மூன்றும் இந்த வழியில்தான் வேலை செய்கின்றன. உடைபடாத மாவுப்பொருள் பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைப்பதால்தான் இந்த மருந்து எடுப்பவர்களுக்கு வயிற்றில் வாயு சேர்கிறது. அந்தத் தொல்லை இல்லாத ஒரு தடுப்பானைச் செய்துவிட வேண்டும் என்பது எங்கள் ஆசை.

சோதனை பார்க்க அழகாக இருக்கும். 96 குழிகள் கொண்ட ஒரு தட்டு. ஒவ்வொரு குழியிலும் பஃபர் என்ற, அமில-காரத் தன்மையை மாறாமல் வைக்கும் கரைசல், நொதி, நம் சேர்மம். பத்துப் பதினைந்து நிமிடம் 37 டிகிரியில் வைத்துவிட்டு, பாரா-நைட்ரோபீனைல் குளுக்கோசைடு என்ற நிறமற்ற கரைசலைச் சேர்ப்போம். நொதி உயிரோடு இருந்தால் அதை வெட்டும். வெட்டினால் மஞ்சள் நிறம் தரும் நைட்ரோபீனால் வெளியே வரும். கடைசியில் சோடியம் கார்பனேட் விட்டு வினையை நிறுத்தும்போது கரைசல் காரமாகி, மஞ்சள் இன்னும் கெட்டியாகத் தெரியும். 405 நானோமீட்டரில் கருவி அதை அளக்கும். ஆக, மஞ்சள் வந்தால் நம் சேர்மம் தோற்றது. மஞ்சள் வராவிட்டால் வென்றது.

அந்த முதல் தட்டு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒப்பீட்டுக்காக அகார்போஸ் போட்ட வரிசை எலுமிச்சை நிறத்தில் இருந்தது. எங்கள் சேர்மங்கள் இருந்த வரிசைகள் தண்ணீர்போலத் தெளிவு. ஆறு மாதம், கலவையைக் குழாயில் ஓடவிட்டுப் பிரிக்கும் குரோமடோகிராஃபியில் ஹெக்ஸேனும் எத்தில் அசிட்டேட்டும் ஊற்றி ஊற்றிப் பிரித்தெடுத்த பொடிகள் அவை. சேர்மம் தூய்மையானதா என்று காட்டும் டிஎல்சி தகட்டில் ஒற்றைப் புள்ளியாக நிற்கவைக்க நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். கட்டுரைச் சுருக்கத்தில், 'நிலையான மருந்தான அகார்போஸைவிடப் பல மடங்கு ஆற்றல் மிக்கவை' என்று எழுதினோம். எழுதும்போது முழுக்க நம்பித்தான் எழுதினேன்.

அந்த ஒற்றை வாக்கியம்தான் கட்டுரையைத் தூக்கிக்கொண்டு போனது.

இனி வருவதை இந்தத் துறையில் இருப்பவர்கள் பலரும் அறிவார்கள். ஆனாலும் கட்டுரைகளில் இதற்கு அரை வரிகூடக் கிடைப்பதில்லை. நாங்கள் பயன்படுத்திய நொதி ஈஸ்டிலிருந்து எடுத்தது. பொடியாகக் கிடைக்கும், சோதனையும் எளிது, அதனால் எல்லோரும் அதையே வாங்குகிறார்கள். சர்க்கரைப் பிணைப்பை வெட்டும் நொதிகளை அவற்றின் அமினோ அமில வரிசையை வைத்துக் குடும்பங்களாகப் பிரித்திருக்கிறார்கள். அதில் ஈஸ்ட் நொதி 13-ஆம் குடும்பம். நம் குடலில் இருக்கும் மால்டேஸ்-குளுக்கோஅமைலேஸும் சுக்ரேஸ்-ஐசோமால்டேஸும் 31-ஆம் குடும்பம். பெயர் ஒன்றாக இருந்தாலும் பரம்பரை வேறு, நொதிக்குள் வெட்டு நடக்கும் குழியின் வடிவமும் வேறு. அகார்போஸ் குடல் நொதியில் இறுகப் பிடித்துக்கொள்ளும். ஈஸ்ட் நொதியிடம் அது மிகவும் பலவீனமானது. எங்கள் தட்டில் அகார்போஸ் வரிசை அவ்வளவு மஞ்சளாக இருந்ததற்குக் காரணம் அதுதான். ஓடத் தெரியாத தரையில் ஒருவரை நிறுத்திவைத்து அவரைப் பந்தயத்தில் வென்றோம் என்று சொல்லியிருக்கிறோம்.

இது எனக்குத் தெரியவந்தது கட்டுரை வெளியாகிச் சில ஆண்டுகள் கழித்து. யாரும் வந்து சுட்டிக்காட்டவில்லை. எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த மாணவி, அதே சேர்மங்களை எலியின் குடல் பொடியிலிருந்து எடுத்த நொதியில் சோதிக்கலாமா என்று கேட்டாள். அசிட்டோனில் உலர்த்திய அந்தப் பொடியைப் பஃபரில் கரைத்து, சுழற்றி, மேலே தெளிந்து நிற்பதை எடுத்துக்கொள்ள வேண்டும். நைட்ரோபீனால் வேண்டாம், நிஜமான மால்டோஸையே கொடுத்து, எவ்வளவு குளுக்கோஸ் உண்டாகிறது என்று குளுக்கோஸ் ஆக்சிடேஸ் முறையில் அளக்கலாம். செய்தோம். இந்தமுறை அகார்போஸ் அட்டகாசமாகத் தடுத்தது. எங்கள் சேர்மங்கள் ஏறக்குறைய ஒன்றும் செய்யவில்லை.

சரி, ஈஸ்ட் நொதியையாவது நன்றாகத் தடுக்கின்றனவே, அது ஏன் என்று பார்ப்போம் என்றாள். அதற்காக அவள் செய்தது மிகச் சிறிய ஒரு மாற்றம். பஃபரில் டிரைட்டன் எக்ஸ்-100 என்ற டிட்டர்ஜென்டை 0.01 சதவீதம் சேர்த்தாள். மற்றதெல்லாம் பழையபடியே. தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"மேம், மஞ்சள் வந்துடுச்சு."

"எந்த வரிசைல?"

"எல்லாத்துலயும்."

"இன்னொரு தடவை போட்டுப் பாரும்மா."

"மூணு தடவை போட்டுட்டேன், மேம்."

அதற்கு என்ன பொருள் என்பது மருந்து வேதியியலில் 2002-இலிருந்தே தெரிந்த விஷயம். பிரையன் ஷாய்கெட்டின் குழு அப்போது காட்டியது இது: தண்ணீரில் சரியாகக் கரையாத கரிமச் சேர்மங்கள் சோதனைக் கரைசலில் நுண்ணிய திரள்களாகக் கூடிக்கொள்கின்றன. நொதி அந்தத் திரளின் மேற்பரப்பில் போய் ஒட்டிக்கொண்டு செயலிழக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் தடுப்பான் வேலை செய்வதுபோலவே இருக்கும். உண்மையில் மூலக்கூறு நொதியின் குழிக்குள் போகவே இல்லை. கொஞ்சம் டிட்டர்ஜென்ட் சேர்த்தால் திரள் கலைந்துவிடும், நொதி விடுபடும், மஞ்சள் திரும்பி வரும். நாங்கள் கணினியில் டாக்கிங் (மூலக்கூறு நொதியில் எப்படிப் பொருந்தும் என்ற கணிப்பு) செய்து, சேர்மம் குழிக்குள் எந்த அமினோ அமிலத்தோடு கைகோத்து நிற்கிறது என்று வண்ணப்படமே போட்டிருந்தோம். நடக்காத ஒன்றுக்கு வரைந்த படம்.

இதை எழுதி அனுப்பினோம். முதலில் அனுப்பிய ஆய்விதழின் மதிப்பாய்வாளர் ஒருவர், புதிய செயல்திறன் எதுவும் காட்டப்படவில்லை என்று எழுதித் திருப்பிவிட்டார். இன்னொரு இதழில் சிறு குறிப்பாக வெளிவந்தது. அதுதான் என் பட்டியலின் அடியில், ஒற்றை இலக்க மேற்கோளோடு கிடக்கிறது. அந்தக் குறிப்பில் பழைய கட்டுரையை நாங்கள் மேற்கோள் காட்டித்தானே ஆக வேண்டும்? காட்டினோம். ஆக, தவறைத் திருத்தியபோது தவறான கட்டுரையின் கணக்கில் ஒன்று கூடியது. எங்கள் திருத்தமும் அதற்கு ஒரு மேற்கோள்தான்.

அந்த முதல் கட்டுரையை யார், எதற்காக மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். பெரும்பாலானவை முன்னுரையின் இரண்டாவது பத்தியில் வருகின்றன. 'பல்லின வளையச் சேர்மங்கள் ஆல்ஃபா குளுக்கோசிடேஸைத் தடுப்பதாக அறியப்பட்டுள்ளது' என்ற வாக்கியம், அதன் கடைசியில் ஒரு கொத்து எண்கள். அந்தக் கொத்தில் நாங்களும் ஒருவர். சிலர் எங்கள் சோதனை முறையைப் பின்பற்றியதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதாவது அதே ஈஸ்ட் நொதி, அதே அகார்போஸ், டிட்டர்ஜென்ட் இல்லாத அதே பஃபர். எங்கள் சேர்மத்தைத் திரும்பச் செய்து பார்த்தவர் ஒருவரும் இல்லை. அந்த நாள் முடிந்தபோது எனக்கு மனசு கனத்துப் போனது. கவனமில்லாமல் போட்ட பாதையில் இத்தனை பேர் நடந்திருக்கிறார்களே என்று.

மேற்கோள்களைத் தொகுக்கும் யோசனையை முன்வைத்த யூஜின் கார்ஃபீல்டு படித்தது வேதியியல்தான். 1955-இல் சயன்ஸ் இதழில் அவர் எழுதிய கட்டுரையை இந்தச் சமயத்தில்தான் முதன்முறையாக முழுதாகப் படித்தேன். அமெரிக்க வழக்கறிஞர்களிடம் ஷெப்பர்ட்ஸ் சைட்டேஷன்ஸ் என்ற தொகுதி உண்டு. ஒரு தீர்ப்பைப் பின்னால் வந்த தீர்ப்புகள் ஏற்றனவா, திருத்தினவா, தள்ளினவா என்று அதில் பார்த்துக்கொள்ளலாம். அதை மாதிரியாகக் காட்டி கார்ஃபீல்டு கேட்டது இதைத்தான்: ஒரு கட்டுரையின் மீது வந்த விமர்சனங்களை ஆய்வாளர் எளிதாகக் கண்டுபிடிக்க வழி வேண்டும், அப்போதுதான் பிழையான, காலாவதியான தரவுகளைக் கண்ணை மூடிக்கொண்டு மேற்கோள் காட்டும் பழக்கம் ஒழியும். 1964-இல் சயன்ஸ் சைட்டேஷன் இன்டெக்ஸ் வந்தது. எங்கள் சின்னக் குறிப்பு எதற்காக எழுதப்பட்டதோ, அதற்காகவே உருவான கருவி அது. அதைப் படித்தபோது அந்த மனிதரோடு உட்கார்ந்து பேசியதுபோல் இருந்தது.

எச்-இன்டெக்ஸ் அதற்கெல்லாம் வெகு பின்னால், 2005-இல், ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்மொழிந்தது. குறைந்தது 20 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் 20 இருந்தால் எச்-இன்டெக்ஸ் 20. எளிமையான கணக்கு, அதனால்தான் எல்லா விண்ணப்பங்களிலும் நுழைந்துவிட்டது. அது ஏறுமே தவிர இறங்காது என்பதை மட்டும் ஒருமுறை நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஒருவர் தன் பழைய முடிவை மறுத்தாலும் சரி, ஆய்வையே விட்டுவிட்டாலும் சரி, அந்த எண் குறையாது. ஆய்வை மதிப்பிடுவது பற்றி வந்த 2012-இன் சான்ஃபிரான்சிஸ்கோ அறிக்கையும் 2015-இன் லைடன் அறிக்கையும் எண்களை மட்டும் வைத்து ஆளை எடைபோட வேண்டாம் என்று தெளிவாகவே சொல்லிவிட்டன. சான்ஃபிரான்சிஸ்கோ அறிக்கையில் கையெழுத்திட்ட நிறுவனங்கள் ஏராளம். விண்ணப்பப் படிவங்கள் இன்னும் மாறவில்லை.

சர்க்கரை நோய் மருந்துகளின் வரலாற்றை நான் வகுப்பில் நடத்தும்போது இந்த எண்கள் எதுவும் நினைவுக்கு வராது. மெட்ஃபார்மினை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று உலகம் முழுக்க முதல் மாத்திரையாக எழுதப்படும் அந்த மூலக்கூறை 1922-இல் டப்ளினில் எமில் வெர்னரும் ஜேம்ஸ் பெல்லும் செய்தார்கள். அவர்கள் எழுதியது சுத்தமான தொகுப்பு வேதியியல். பிரெஞ்சு மருத்துவர் ஜான் ஸ்டெர்ன் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து முடிவுகளை வெளியிட்டது 1957-இல். அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1994-இல். பிரிட்டனில் நடந்த பெரிய நீண்டகால ஆய்வு, அதன் உண்மையான பலனை 1998-இல் காட்டியது. வெர்னருக்கும் பெல்லுக்கும் ஐந்தாண்டு மேற்கோள் கணக்குப் போட்டிருந்தால் என்ன வந்திருக்கும்?

எனக்கு இதைவிடப் பிடித்த கதை ஃப்ளோரிசினுடையது, ஏனென்றால் அதில் வேதியியலாளரின் கை நன்றாகத் தெரிகிறது. 1835-இல் ஆப்பிள் மரத்தின் பட்டையிலிருந்து பிரித்தெடுத்த பொருள் அது. 1886-இல் யோசெஃப் ஃபான் மேரிங் அதைக் கொடுத்தால் சிறுநீரில் சர்க்கரை போகிறது என்று காட்டினார். அதாவது, சிறுநீரகம் திரும்ப உறிஞ்ச வேண்டிய குளுக்கோஸை அது வெளியே விட்டுவிடுகிறது. சர்க்கரை நோயாளிக்கு வேண்டியது அதுதானே என்று தோன்றும். ஆனால் ஃப்ளோரிசினை வாய்வழியாகக் கொடுத்தால் குடலிலேயே உடைந்துவிடும். குளுக்கோஸையும் மீதி மூலக்கூறையும் ஓர் ஆக்சிஜன் அணு இணைத்துக்கொண்டிருக்கிறது. அந்த இணைப்பை வெட்டுவதற்கென்றே குடலில் நொதிகள் உண்டு. வேதியியலாளர்கள் கடைசியில் அந்த ஆக்சிஜனை எடுத்துவிட்டு, சர்க்கரையின் கார்பனை நேராகப் பென்சீன் வளையத்தின் கார்பனோடு கோத்தார்கள். வெட்ட ஆக்சிஜனே இல்லை, நொதி என்ன செய்யும்? அந்த வழியில் பிறந்த டாபாக்லிஃப்ளோசின் 2012-இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. பட்டையிலிருந்து மாத்திரைக்கு 177 ஆண்டுகள். இடையில் வந்தவர்கள், ஃப்ளோரிசின் ஏன் மருந்தாகாது என்பதைத் துல்லியமாக எழுதிவைத்திருந்ததால்தான் எந்த அணுவை மாற்ற வேண்டும் என்று தெரிந்தது. தோல்வியை ஒழுங்காகப் பதிவுசெய்வதன் மதிப்பை எனக்கு இதைவிட நன்றாக யாரும் கற்றுத்தரவில்லை.

மேற்கோள் என்றாலே பாராட்டு என்று நினைப்பதும் தவறு. 2007-இல் ஸ்டீவன் நிசெனும் கேத்தி வோல்ஸ்கியும் ரோசிக்ளிட்டசோன் என்ற சர்க்கரை நோய் மருந்தை எடுப்பவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு 43 சதவீதம் கூடுவதாக ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டார்கள். அதை ஏற்றவர்களும் மேற்கோள் காட்டினார்கள், அதன் கணக்கை மறுத்தவர்களும் மேற்கோள் காட்டினார்கள். ஐரோப்பா அந்த மருந்தை 2010-இல் நிறுத்தியது. அமெரிக்கா அதே ஆண்டு கட்டுப்பாடு போட்டு, 2013-இல் அதைத் தளர்த்தியது. இத்தனை வாதமும் மேற்கோள் கணக்கில் ஒரே நிறக் கோடுகளாகத்தான் விழும்.

இப்போது மற்றவர்களின் விண்ணப்பங்களைப் படிக்கும் இடத்திலும் நான் அவ்வப்போது உட்கார வேண்டியிருக்கிறது. எண்களின் பக்கத்தை நான் பார்ப்பேன், பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதிலேயே நிற்க மாட்டேன். அதிகம் மேற்கோள் பெற்ற கட்டுரையைத் திறந்து, செய்முறைப் பகுதிக்கு நேராகப் போவேன். நொதி எங்கிருந்து வந்தது? ஈஸ்ட் என்றால், குடல் நொதியிலும் பார்த்தார்களா? பஃபரில் டிட்டர்ஜென்ட் இருக்கிறதா? சேர்மமே மஞ்சளாக இருந்தால் அதன் நிறத்தைத் தனியாக அளந்து கழித்தார்களா? ரோடனின் போன்ற எதையும் தடுப்பதாகப் போக்குக் காட்டும் அமைப்புகள் இருக்கின்றன என்று 2010-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஒரு எச்சரிக்கைப் பட்டியலே கொடுத்தார்கள், அதைக் கணக்கில் எடுத்தார்களா? அதன்பிறகு அவர் எழுதிய அடுத்த கட்டுரையைத் திறப்பேன். அதே சோதனையில் ஒரு குளோரினை மாற்றி ஃப்ளூரின் போட்டு இன்னொரு கட்டுரையா, அல்லது முதல் கட்டுரையின் சேர்மத்தை எடுத்துக்கொண்டு செல்லுக்கோ விலங்குக்கோ ஒரு படி முன்னே போனாரா? பிறர் ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் மீளாய்வுக் கட்டுரைகளைத் தனியாக வைத்துக்கொள்வேன். அவை எப்போதுமே அதிகம் மேற்கோள் பெறும், அது ஒரு சேவை, ஆனால் சேர்மம் செய்த கணக்கில் அதைச் சேர்க்கக் கூடாது.

இதற்கெல்லாம் ஒரு ஆளுக்கு ஒரு மாலைப்பொழுது ஆகும். எண்ணைப் பார்ப்பதற்கு ஒரு நொடி. குழுவில் முப்பது விண்ணப்பங்கள் இருக்கும்போது எது நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எனக்கு இதில் கோபம் உண்டு. நாங்கள் பேசுவது பாத்திரம் பண்டம் பற்றி இல்லை, காலில் புண் ஆறாமலும் கண் மங்கியும் ஆட்கள் காத்திருக்கும் ஒரு நோயைப் பற்றி. அதற்கு மருந்து தேடுகிறவரை ஒரு மாலை நேரம் செலவழித்துப் படிக்க முடியாதா?

விண்ணப்பத்தில் 'சிறந்த ஐந்து' என்ற இடத்தில் அந்தச் சின்னக் குறிப்பை முதலாவதாக வைத்தேன். உச்சியில் இருக்கும் கட்டுரையை வைக்கவில்லை. சக ஆய்வாளர் ஒருவர் பார்த்துவிட்டு, "ஏன் மேடம் வம்பு, அதை மேல போட்டுட்டு இதைக் கீழ போடுங்களேன்" என்றார். அக்கறையோடுதான் சொன்னார். படிவத்தை மாற்றவில்லை. ஒவ்வொரு கட்டுரைக்கும் பக்கத்தில் மேற்கோள் எண்ணிக்கை கேட்டிருந்தார்கள். முதல் வரியில் 6 என்று எழுதினேன்.

அனுப்பிய இரண்டு வாரத்தில், முன்பின் தெரியாத ஒரு ஆய்வு மாணவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அவரும் ஒரு ஹைட்ரசோன் தொகுதியை ஈஸ்ட் நொதியில் சோதித்துக்கொண்டிருக்கிறாராம். முடிவுகள் நம்ப முடியாத அளவுக்கு நன்றாக இருப்பதால் சந்தேகம் வந்து தேடியபோது எங்கள் குறிப்பு கிடைத்திருக்கிறது. 0.01 சதவீதம் என்று போட்டிருக்கிறீர்கள், அதை எந்தக் கட்டத்தில் சேர்த்தீர்கள் என்று கேட்டிருந்தார். திறந்து பார்த்தால், உண்மையிலேயே நாங்கள் அதை எழுதவில்லை. இத்தனை நாள் கழித்து அப்போதுதான் கவனித்தேன்.

மாணவியின் பழைய ஆய்வுக் குறிப்பேட்டை அலமாரியிலிருந்து எடுத்து, அந்த மூன்று தட்டுகளின் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினேன். கீழே எழுதினேன்: டிரைட்டனைப் பஃபரிலேயே முதலில் கலந்துவிடுங்கள், சேர்மம் உள்ளே போவதற்கு முன். புதிதாகக் கலந்த பஃபராக இருக்கட்டும். டிரைட்டன் போடாத ஒரு தட்டையும் அதே நாளில், அதே நொதிக் கரைசலில், பக்கத்திலேயே வைத்துப் போடுங்கள்.